வக்கீல் மகாநாடும் லயன் வீடும்

(குந்தா வட்டம் மஞ்சூரில் தேயிலைத் தொழிலாளர்களும் சிறு விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நீதிபதிகளும் வக்கீல்களும் மகாநாடு கூடினார்கள் என்று பத்திரிகையில் செய்தி வந்தால், நம்மில் பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கொழுந்து விலை என்ன ஆயிற்று என்று பார்க்கப் போய்விடுகிறோம். கறுப்பு அங்கி போட்டவர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொள்கிறார்கள், நமக்கென்ன வந்தது என்ற நினைப்பு. ஆனால் அங்கே அலசப்படும் சட்டம் கடைசியில் நம் லயன் வீட்டுக் கூரைமேல்தான் வந்து இறங்குகிறது. ஆகவே, அந்த மகாநாடுகளைப் பற்றியே இன்று பேசுவோம்.

இவை புதியவையல்ல. 1955 ஜனவரியில் ஆசிய நாடுகளின் வழக்கறிஞர்கள் கல்கத்தாவில் கூடினார்கள். 1959 ஜனவரியில் சர்வதேச சட்டவல்லுநர் கமிஷன் புது டெல்லியில் கூட்டிய பேரவைக்கு 53 நாடுகளிலிருந்து 185 பேர் வந்தார்கள். அதே கமிஷன் 1965 பிப்ரவரியில் தென்கிழக்கு ஆசியா, பசிபிக் பிராந்தியத்துக்கென்று பாங்காக்கில் ஒரு மகாநாடு நடத்திற்று. அந்தக் கமிஷனுக்கு அமெரிக்க உளவு ஸ்தாபனத்தின் பணம் சுற்று வழியில் போய்ச் சேர்ந்தது என்பது 1967இல் அம்பலமாயிற்று. அது தனிக் கதை. அதைச் சொல்ல ஆரம்பித்தால் கடைசி பஸ் போய்விடும்.

நமக்கு வேண்டியது டெல்லியில் அவர்கள் சொன்ன ஒரு விஷயம். சட்டத்தின் ஆட்சி என்றால் பேச்சுரிமை, எழுத்துரிமை மட்டுமல்ல. மனிதன் மானத்தோடு வாழ்வதற்கான சமூக, பொருளாதார, கல்வி நிலைமைகளை உண்டாக்குவதும் அதில் அடங்கும் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். யார் பணத்தில் எழுதினாலும் எழுதியது எழுதியதுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு.

இன்றைக்கும் மகாநாடுகளுக்குக் குறைவில்லை. போபாலில் உள்ள தேசிய நீதித்துறை அகாடமி பிராந்திய மகாநாடுகளை நடத்துகிறது. தமிழ்நாடு நீதித்துறை அகாடமிக்குக் கோவையிலும் மதுரையிலும் பிராந்திய மையங்கள் இருக்கின்றன. தேங்கிக் கிடக்கும் வழக்குகள், 2024 ஜூலை 1 முதல் அமலான மூன்று குற்றவியல் சட்டங்கள், கணினி வழி விசாரணை - இவையெல்லாம் விவாதத்துக்கு வருகின்றன. வரட்டும், வேண்டியவைதான். அந்தக் குற்றவியல் சட்டங்களுக்கு வைத்த பெயரை உச்சரிக்கவே நம் வக்கீல்கள் திணறியதையும், தமிழ்நாட்டு நீதிமன்ற வாசல்களில் அவர்கள் போராடியதையும் நாம் பார்த்தோம். ஆனால் நாம் கேட்பது வேறு: கொழுந்து பறிப்பவளின் வழக்கு அந்த மேஜைமீது எப்போது வரும்?

2025 நவம்பர் 21ஆம் தேதி மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. 29 பழைய சட்டங்களை அவை விழுங்கிவிட்டன. அந்த 29இல் ஒன்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். வீடு, குடிதண்ணீர், கக்கூஸ், பிள்ளைக் காப்பகம், ஆஸ்பத்திரி ஆகியவை முதலாளியின் கடமை என்று சொன்ன சட்டம் அது. கங்காணி காலத்து இருட்டிலிருந்து நம்மை வெளியே கொண்டுவந்த சட்டம் என்று சொன்னால் மிகையல்ல. அதை எத்தனை எஸ்டேட் ஒழுங்காக நடத்திற்று என்பது வேறு விஷயம். ஒழுகும் லயனில் குடியிருப்பவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

புதிய தொகுப்பிலும் வீடு என்ற வார்த்தை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்திலேயே ஒரு சிறு வாசல் திறந்துவிட்டிருக்கிறார்கள். இந்த வசதிகளை முதலாளி தன் பணத்திலும் செய்யலாம். மத்திய, மாநில அரசு, நகராட்சி, பஞ்சாயத்துத் திட்டங்களின் மூலமாகவும் செய்யலாம் என்கிறது சட்டம். அதாவது, கூரை ஒழுகுகிறது என்று துரையிடம் போனால், பஞ்சாயத்து ஆபீசுக்குப் போ என்பார். பஞ்சாயத்தில் கேட்டால், அது எஸ்டேட் நிலம், நாங்கள் கை வைக்க முடியாது என்பார்கள். நடுவில் நனைவது யார்?

இன்னொன்று. ஆட்குறைப்புச் செய்யவோ எஸ்டேட்டை மூடவோ அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி முன்பு 100 தொழிலாளர் இருந்த தோட்டங்களுக்குப் பொருந்திற்று. இப்போது 300 பேர் இருந்தால்தான். நம் மலையில் 300 பேருக்குக் குறைந்த எஸ்டேட்டுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், இரண்டு கை விரல்கள் போதாது. 2024இல் திருநெல்வேலிச் சீமையின் மாஞ்சோலையில் தலைமுறை தலைமுறையாய் உழைத்த குடும்பங்களை விருப்ப ஓய்வு என்ற பெயரில் மலையிறங்கச் சொன்னார்கள். அந்த வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போயிற்று. காடு காக்கப்பட வேண்டும்; அதில் நமக்குத் தகராறு இல்லை. அந்தக் காட்டுக்குள்ளே முதுகு வளைந்த மனிதன் எங்கே போவான் என்பதும் சட்டப் பிரச்னைதானே?

அடுத்தது காலம். தாமதம், தாமதம் என்று எல்லா மகாநாட்டிலும் பேசுகிறார்கள். நம் மாவட்டத்திலேயே கூடலூரைப் பாருங்கள். 1969இல் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. எஸ்டேட் கம்பெனிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 1972இல் காட்டு நிலம் பற்றிய பகுதி அடிபட்டது. 1974இல் பார்லிமெண்ட் அந்தச் சட்டத்தை அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் வைத்துக் காப்பாற்றிற்று. அதன்மேலும் வழக்கு. கடைசியில் 2007 ஜனவரி 11ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து தீர்ப்பளித்தார்கள். 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்த்த சட்டங்களையும் நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்ற அந்தத் தீர்ப்பை இந்தியாவின் சட்டக் கல்லூரிகளிலெல்லாம் பாடமாகப் படிக்கிறார்கள். நல்லதே. 38 வருஷம்! 1969இல் பட்டாவுக்கு மனுப் போட்டவனின் பேரன் மீசை முளைத்து நிற்கிறான். அரசியல் சட்டக் கேள்விக்கு விடை வந்தது. அவன் வயலுக்குப் பட்டா அந்தத் தீர்ப்பில் வரவில்லை.

அவ்வளவு பெரிய வழக்கு வேண்டாம். கிராஜுவிட்டியை எடுத்துக்கொள்வோம். 30 நாளில் கொடுக்க வேண்டும் என்று 1972ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிற்று; புதிய தொகுப்பும் அதையே சொல்கிறது. ஆனால் ஓய்வு பெற்றவளிடம், லயன் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடு, பிறகு பணத்தைப் பார்க்கலாம் என்று சொல்லும் வழக்கம் தோட்டங்களில் உண்டு. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் கையெழுத்தாகி, கண்டியிலும் பதுளையிலும் பிறந்தவர்களை இந்த மலைக்குக் கொண்டுவந்து விட்டது. ஒரு தடவை நாடு விட்டு வந்தவளை, அறுபது வயதில் வீடு விட்டுப் போ என்றால் எங்கே போவாள்? பணத்துக்கு வழக்காடப் போனாலோ வாய்தாவுக்கு வாய்தா பஸ் கூலி, ஒரு நாள் சம்பளம், வக்கீல் குமாஸ்தாவுக்கு டீச் செலவு. தொழிலாளர் நீதிமன்றம் என்றால் இத்தனை காலமும் கோயம்புத்தூருக்குத்தானே இறங்கினோம்? இனி அந்த நீதிமன்றங்களுக்குப் பதிலாகத் தீர்ப்பாயங்களாம். வேலைநீக்கம் போன்ற முக்கிய வழக்குகளை நீதித்துறை உறுப்பினரோடு, உயர்ந்த அரசுப் பதவியில் இருந்த நிர்வாக உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து கேட்பார். அரசுத் தோட்டத்தின் மீதே வழக்குப் போடும் தொழிலாளி அவரை எப்படிப் பார்ப்பான் என்பதை மகாநாடு யோசிக்கட்டும்.

கொழுந்துக்கு நியாய விலை கேட்டுச் சிறு விவசாயிகளும் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்வந்தார்கள். அவர்களுக்கும் தூரம் அதே தூரம்தான். குந்தா நீரில் பிறக்கும் மின்சாரம் ஒரு நொடியில் சமவெளிக்குப் போய்விடுகிறது. சமவெளியிலிருந்து நீதி கெத்தைக் கொண்டைஊசி வளைவுகளில் ஏறி வர ஒரு தலைமுறை ஆகிறது.

நீதிமன்றத்துக்குள்ளே இருப்பவர்களுக்கும் சுகமில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஊட்டியில் 2022இல் திறந்த புதிய நீதிமன்றக் கட்டிடத்தில் பெண் வக்கீல்களுக்குக் கழிப்பறை வசதி இல்லை என்ற முறையீடு 2023இல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தேயிலைக் காட்டில் நாள் முழுவதும் நிற்கும் நம் பெண்களுக்கு அந்த அவஸ்தை புரியும். அந்த வக்கீல் அம்மாக்களும் நம் பெண்களும் சேர்ந்து பேச விஷயம் இருக்கிறது.

இனி நாம் கேட்பது என்ன? 2008இல் கிராம நியாயாலயச் சட்டம் வந்தது. அதன்படி நீதிபதி ஊருக்கே வந்து நடமாடும் நீதிமன்றம் நடத்த வேண்டும். சம்பளப் பாக்கி, குறைந்தபட்சக் கூலி ஆகிய தகராறுகளை விசாரிக்கும் அதிகாரமும் அதில் தரப்பட்டது. பக்கத்துக் கேரளத்தில் அந்த நீதிமன்றங்கள் நடக்கின்றன. தமிழ்நாடு அந்தச் சட்டத்தை ஏற்று நடத்தவில்லை. அதில் குறைகள் உண்டு, வக்கீல் சங்கங்களுக்கு ஆட்சேபணைகளும் உண்டு. சரி, அந்தப் பெயர் வேண்டாம். மாதம் இரண்டு நாள் நீதிபதி ஒருவர் மஞ்சூரில் உட்காரட்டும். நமக்குத் தெரிந்த தமிழில் விசாரிக்கட்டும். அடுத்த மகாநாட்டுக்கு அனுப்ப ஒரு மகஜர் எழுதியிருக்கிறோம். சம்பளச் சீட்டு, கிராஜுவிட்டிக் கணக்கு, வீடு காலி செய்யச் சொன்ன நோட்டீசு வைத்திருப்பவர்கள் நகல் கொடுங்கள். அதையும் சேர்த்தே அனுப்புவோம். மேஜை அதோ, கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.