குளிர்நீரில் அமர்தலும் மூச்சை ஆளுதலும்
(சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நம் மண்டபத்தின் பின்கட்டில் தொட்டியொன்று வைத்து, பனிக்கட்டியிட்ட நீரில் ஞாயிறுதோறும் கூட்டமாக அமரவும், மூச்சுப் பயிற்சி செய்யவும் அனுமதி வேண்டுமென்று வாலிபர்கள் விண்ணப்பித்திருக்கிறார்கள். மார்கழி விடியலில் குளத்தில் முழுகிய நமக்கு இது புதிதன்று என்பர் ஒரு சாரார். வீண் விபரீதம் என்பர் மற்றொரு சாரார். விஷயத்தை உள்ளபடி அறிந்தபின் தீர்மானிப்பதே நலமென்று கருதி, நாம் அறிந்ததைச் சொல்ல முன்வந்தோம்.

முதலாவது, குளத்து நீரும் பனிக்கட்டி நீரும் ஒன்றல்ல. சமவெளியில் மார்கழியிலும் குளத்து நீர் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆராய்ச்சியாளர் குளிர்நீர் என்று எச்சரிப்பதோ பெரும்பாலும் 15 டிகிரிக்குக் குறைந்த நீரை. காற்றைவிட நீர் தேகத்தின் சூட்டைச் சுமார் 25 மடங்கு விரைவாகக் கவரும். அத்தகைய நீரில் சட்டென்று இறங்கினால், நம்மை அறியாமலே மூச்சு திடுக்கென்று உள்ளே இழுக்கப்படும், பின் இரைக்கும், நாடி விரையும், இரத்த அழுத்தம் ஏறும். அத்தருணத்தில் முகம் நீருள் இருப்பின், மூச்சோடு நீரே உட்புகும். இங்கிலாந்திலுள்ள போர்ட்ஸ்மவுத் சர்வகலாசாலைப் பேராசிரியர் மைக்கேல் டிப்டன் இதனை நெடுங்காலம் ஆராய்ந்தவர். இவ்வதிர்ச்சி முதல் 30 வினாடிகளில் உச்சமடைந்து, இரண்டு மூன்று நிமிஷங்களுக்குள் தணியும். சிறுபொழுதாக ஐந்தாறு முறை பழகினால், அதன் வேகம் பெரிதும் குறையும். ஆதலின் குளிர், பழக்கத்தால் வசமாகக் கூடியதே.

இரண்டாவது, மூச்சு. நெதர்லாந்து தேசத்து விம் ஹாஃப் என்பவர், வேகமாகப் பலமுறை ஆழ்ந்து சுவாசித்துப் பின் மூச்சை அடக்கும் முறையைப் பரப்பினார். நைமேகன் நகரத்து ராட்பவுட் சர்வகலாசாலையார், அவரிடம் பழகிய 12 பேருக்குக் கிருமி நஞ்சை அளவாகச் செலுத்திப் பார்த்தார்கள்; பழகாதவரைவிட அவர்களுக்குக் காய்ச்சற் குறிகள் குறைவாயிருந்தன என்று 2014-ல் வெளியிட்டார்கள். வியக்கத்தக்கதே. ஆயினும் அவர்கள் சுகதேகிகளான ஆடவர், 12 பேரே. இதனால் நீரிழிவு தீரும், இருதய நோய் தீரும் என்பாரை நம்பி, ஒருவரும் மருந்தை நிறுத்தலாகாது.

அபாயம் எங்கேயெனில், வேக மூச்சும் நீரும் ஒன்றுசேரும் இடத்தில். சுவாசிக்க வேண்டுமென்ற தவிப்பை எழுப்புவது முக்கியமாய்க் கரியமிலவாயுவே. வேக மூச்சால் அது வெளியேறிவிட்டால், பிராணவாயு குன்றியும் தவிப்புத் தோன்றாது. முன்னறிவிப்பின்றி மூர்ச்சை வரும். பாயில் இருப்பவன் சற்றுநேரத்தில் விழித்தெழுவான்; நீரில் இருப்பவன் மூழ்குவான். இவ்வாறு உயிரிழந்தோர் உண்டு. அட்டாங்க யோகத்திலும் ஆசனம் முந்தியது, பிராணாயாமம் பிந்தியது. நிலையான இருப்பில்லாதவனுக்கு மூச்சுப் பயிற்சி இல்லை.

ஆகவே தொடக்கக்காரர்க்கு நாம் கூறும் ஒழுங்கு இது. வேக மூச்சைத் தரையிற் படுத்தே செய்க. அன்று நீரில் இறங்கற்க. நீரிலோ மெல்லிய மூச்சு ஒன்றே போதும், வெளிவிடுவது நீளமாயிருக்கட்டும். உஷ்ணமானியால் நீரை அளந்து, முதல் வாரங்களில் 15 டிகிரிக்குக் கீழே போகாதிருக்க. காலை முதலில் நனைத்து, மெல்ல அமர்ந்து, தலை நனையாமல் ஒரு நிமிஷம் இருந்து எழுக. எழுந்தபின்னும் தேகம் சிறிதுநேரம் குளிர்ந்துகொண்டே போகும். உலர்ந்த துணியும், வெந்நீரோ சுக்குக் காப்பியோ ஆயத்தமாயிருக்கட்டும். இருதய நோய், இரத்தக் கொதிப்பு, வலிப்பு, ஆஸ்துமா உடையோரும் கர்ப்பிணிகளும் வைத்தியர் அனுமதியின்றி இறங்கலாகாது.

இறுதியாக ஒன்று. நம் கூட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் தகப்பன் பெயரைச் சுமந்தே வருகிறான். பரீட்சையிலும் சம்பளத்திலும் பிள்ளைகளை ஒப்பிடும் வழக்கம் நம்மிடம் உண்டு, மறைப்பதிற் பயனில்லை. அவ்வழக்கம் தொட்டியருகிலும் வந்துவிட்டால், "இன்னார் மகன் முதலில் எழுந்தான்" என்ற சொல்லுக்கு அஞ்சி, நடுங்கும் பிள்ளையும் எழாமல் இருப்பான். பனிக்கட்டியைவிட அச்சொல்லே கொடியது. பலர் கூடிச் செய்வது ஒருவரை ஒருவர் வெல்வதற்கன்று, காப்பதற்கே. ஒருவர் நீரில் இருக்கையில் ஒருவர் கரையில் நின்று, கண்ணெடாமல் பார்த்திருக்க வேண்டும். முதலில் எழுந்தவனுக்கு முதல் துணியை அன்போடு நீட்ட வேண்டும்.

இவ்விரண்டுக்கும் வாலிபர் உடன்படுவரேல், பெரியோர்கள் அனுமதி அளிக்கலாமென்பதே நம் கருத்து. முதல் ஞாயிறன்று துணியேந்திக் கரையில் நிற்க நாமும் வருவோம்.