அந்தச் சட்டத்தில் கிறிஸ்துவின் பெயர் ஏன் இல்லை?

அமெரிக்கா கிறிஸ்தவ நாடாகவே பிறந்தது, அதன் அரசு வேதத்தின் மேல் கட்டப்பட்டது என்று அந்நாட்டில் மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் மீதிப் பொய்யும் செல்லுபடியாகிறது. 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்தவர்களில் பலர் தங்கள் விசுவாசத்துக்காகவே கடல் கடந்தவர்கள். யார் இல்லை என்றார்கள்? ஆனால் குடிமக்களின் விசுவாசம் வேறு, அரசின் அதிகாரம் வேறு. இரண்டையும் பிரித்து வையுங்கள் என்று அங்கே முதலில் குரல் கொடுத்தவர்கள் நாத்திகர்கள் அல்லர், முழங்காலிட்டு ஜெபித்த விசுவாசிகள். அதை ஆதாரத்தோடு சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

மாசசூசெட்ஸில் என்ன நடந்தது? இங்கிலாந்தின் ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த பியூரிட்டன்கள், அதிகாரம் கைக்கு வந்ததும் தாங்களே ஒடுக்கத் தொடங்கினார்கள். மனச்சாட்சியின் மேல் அரசுக்கு அதிகாரமில்லை என்ற போதகர் ரோஜர் வில்லியம்ஸை 1635இல் வெளியேற்றத் தீர்ப்பளித்தார்கள். அவர் மறு ஆண்டே பிராவிடென்ஸ் ஊரை நிறுவி, எந்த விசுவாசக்காரரும் அங்கே வந்து வாழலாம் என்றார். விரட்டியும் திரும்பத் திரும்ப வந்தார் என்பதற்காகக் குவேக்கர் சபைப் பெண் மேரி டயரை 1660இல் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள். தூக்கிலிட்டவர்களும் கிறிஸ்தவர்கள், தூக்கில் தொங்கியவரும் கிறிஸ்தவர்! கிறிஸ்தவ அரசு என்றால் எந்தக் கிறிஸ்தவர்களின் அரசு?

வர்ஜீனியாவில் ஆங்கிலிக்கன் சபையே அரசுச் சபை. அதன் ஊழியர்களுக்கு மற்றச் சபையாரும் வரி கட்ட வேண்டும். உரிமம் இல்லாமல் பிரசங்கித்த பாப்டிஸ்ட் போதகர்களைச் சிறையில் தள்ளினார்கள். அவர்களோ சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு வெளியே கூடிய ஜனங்களுக்குப் பிரசங்கம் செய்தார்கள். பக்கத்து மாவட்டத்தில் ஐந்தாறு பேர் இப்படி அடைபட்டுக் கிடப்பதை 1774இல் நண்பருக்குக் கொதிப்போடு எழுதினார் ஓர் இளைஞர். அவர்தான் பின்னாளில் அரசியல் சட்டத்தின் சிற்பி எனப்பட்ட ஜேம்ஸ் மேடிசன். பத்தாண்டு கழித்து வர்ஜீனியாவின் தலைவர்களில் ஒருவரான பேட்ரிக் ஹென்றி ஒரு சமரசத் திட்டம் வைத்தார்: கிறிஸ்தவப் போதகர்களுக்கென்று ஒரு வரி, கட்டுபவர் தமக்குப் பிடித்த சபைக்குக் கொடுக்கலாம். தாராளமான ஏற்பாடுதானே என்று தோன்றும். ஆனால் அந்தப் பணத்தில் பங்கு பெற்றிருக்கக்கூடிய பாப்டிஸ்ட்டுகளே வேண்டாம் என்று மனு மேல் மனு அனுப்பினார்கள். மேடிசனும் 1785இல் அதை மறுத்து எழுதினார். மசோதா மடிந்தது, 1786 ஜனவரியில் ஜெபர்சன் வரைந்த மதச் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. அதன் முகவுரையில் இயேசு கிறிஸ்துவின் பெயரைச் சேர்க்க ஒரு திருத்தம் வந்தது. பெரும்பான்மையோர் அதைத் தள்ளிவிட்டார்கள். யூதர், கிறிஸ்தவர், முகமதியர், இந்து, எதையும் நம்பாதவர் எல்லோருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்பதற்கு அதுவே சான்று என்று ஜெபர்சன் தம் சுயசரிதையில் குறித்திருக்கிறார்.

வர்ஜீனியாவில் அந்தச் சட்டம் நிறைவேறிய அடுத்த ஆண்டு எழுதப்பட்ட நாட்டின் அரசியல் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். தேதி குறிக்கும் மரபு வாசகத்தைத் தவிர, கர்த்தர் என்ற சொல்லே அதில் இல்லை. பதவிக்கு மதத் தகுதி கேட்கவே கூடாது என்று 6ஆம் பிரிவு தடுக்கிறது. 1791இன் முதல் திருத்தம், மதத்தை நிறுவும் சட்டத்தைக் காங்கிரஸ் இயற்றக் கூடாது என்கிறது. 1797இல் திரிப்போலி அரசோடு செய்த உடன்படிக்கையில், அமெரிக்க அரசு கிறிஸ்தவ மதத்தின் மேல் நிறுவப்பட்டதல்ல என்ற வாசகத்துக்கு செனட் ஓர் எதிர்ப்பு வாக்குக்கூட இல்லாமல் ஒப்புதல் தந்தது. இதைவிடத் தெளிவாக ஒரு தலைமுறை எப்படிச் சொல்லும்?

சுதந்திரப் பிரகடனத்தில் படைத்தவர் இருக்கிறாரே என்பார்கள். இருக்கிறார், மனித உரிமைகள் அவர் தந்தவை என்று அது சொல்கிறது. ஆனால் அரசின் அதிகாரம் ஆளப்படுவோரின் சம்மதத்திலிருந்து வருகிறது என்றும் அதே பிரகடனம்தான் சொல்கிறது. நாணயத்தில் காணும் கடவுள் நம்பிக்கை வாசகம் தேசிய முழக்கமானது 1956இல், பனிப்போர்க் காலத்தில். அதை ஸ்தாபகர்களின் கணக்கில் எழுதுவது நியாயமல்ல. மாநிலங்களில் அரசுச் சபைகள் இருந்தனவே என்பதுதான் கனமான வாதம். உண்மை, முதல் திருத்தம் அன்று மாநிலங்களைக் கட்டுப்படுத்தவில்லை. மாசசூசெட்ஸ் 1833 வரை அந்த ஏற்பாட்டை விடவில்லை. ஆனால் ஒவ்வொரு மாநிலமும் அதைத் தானே முன்வந்து கைவிட்டது. அரசு கைவிட்டால் மார்க்கம் அழியும் என்று அஞ்சியவர்களில் ஒருவர் கனெக்டிகட் போதகர் லைமன் பீச்சர். அரசுச் சபையைக் காக்கக் கடைசி வரை போராடினார். 1818இல் தோற்றபோது மனமுடைந்து போனார். அதே பீச்சர்தான் பிற்காலத்தில், அரசின் ஆதரவை நம்பியிருந்த நிலை போய்ச் சபைகள் தங்கள் சொந்தப் பலத்தில் நிற்க வேண்டி வந்ததே, கனெக்டிகட்டுக்கு நேர்ந்ததில் அதைவிட நல்ல காரியம் வேறில்லை என்று பதிவு செய்தார்.