அக்டோபர் 2 நமக்கும் உரிய நாள்



பொன்விழா ஆண்டில், இளம் வணிகர்களாகிய நாங்கள் ஒரு கோரிக்கையோடு வந்திருக்கிறோம். ஆண்டுதோறும் அக்டோபர் 2ஆம் தேதியை நம் சங்கம் அகிம்சை நாளாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

"அது காந்தி பிறந்த நாள் ஆயிற்றே, நமக்கென்ன?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

செப்டம்பர் 21 உலக அமைதி நாள் என்பது பலருக்குத் தெரியும். அகிம்சைக்கென்று தனி நாளை ஐக்கிய நாடுகள் சபை 2007 ஜூன் 15இல்தான் அறிவித்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 2004இல், மும்பையில் நடந்த உலக சமூக மாமன்றத்தில் இந்த யோசனையை எடுத்துவைத்தவர் ஈரானின் ஷிரின் எபாடி. நோபல் அமைதிப் பரிசு பெற்ற முதல் முஸ்லிம் பெண்மணி அவர்.

இன்னும் பின்னால் போனால், நம்மைப் போன்ற கடைக்காரர்களிடம் போய் நிற்போம். 1893இல் காந்தியைத் தென்னாப்பிரிக்காவுக்கு வரவழைத்ததே தாதா அப்துல்லா கம்பெனிதான், ஒரு வழக்கு விஷயமாக. 1906இல் டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் எல்லாரும் கைரேகை கொடுத்துப் பதிவுச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. செப்டம்பர் 11 அன்று ஜோகானஸ்பர்க் எம்பயர் அரங்கில் கூட்டம். தலைமை வணிகர் அப்துல் கனி. அங்கே ஹாஜி ஹபீப் என்ற இன்னொரு வணிகர் எழுந்து, இறைவனைச் சாட்சியாக வைத்து இந்தச் சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என்று ஆணையிடச் சொன்னார். காந்தியே திடுக்கிட்டுப் போனார். ஆணை என்றால் விளையாட்டில்லை, கடைசியில் தனியாளாக நின்றாலும் காப்பாற்ற வேண்டும் என்று கூட்டத்தாருக்கு எடுத்துச் சொன்னார். அதன் பிறகும் எல்லாரும் எழுந்து நின்று ஆணையிட்டார்கள். சத்தியாகிரகம் என்ற பெயர்கூட அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தப் போராட்டத்தில் சிறை சென்றவர்களில் தமிழர்கள் ஏராளம்.

அதே செப்டம்பர் 11, 95 ஆண்டுகள் கழித்து, வேறொன்றுக்குப் பெயர் வாங்கிவிட்டது. அந்தத் தேதியைச் சொன்னால் நம் பிள்ளைகள் தலைகுனிய வேண்டியதில்லை. ஹாஜி ஹபீபின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இது தூரத்துக் கதை என்றால், நம் பக்கத்துக் கதை ஒன்று. 2001 மார்ச்சில் கம்போங் மேடானில் ஒரு வீட்டில் கல்யாணம், அருகே ஒரு வீட்டில் சாவு. அதையொட்டி எழுந்த தகராறு சில நாட்களில் வெட்டுக்குத்தாக மாறி, 6 உயிர்கள் போயின. அப்போது நாங்கள் பள்ளிப் பிள்ளைகள். இன்று கடை நடத்துகிறோம். ஒரு குரல்பதிவு வாட்ஸ்அப்பில் வந்தால் போதும், உண்மையா பொய்யா என்று தெரிவதற்குள் தெருவில் பாதிக் கடை கதவை இழுத்துவிடுகிறது. யாரிடம் கேட்பது? பக்கத்துக் கோயில் தலைவரின் எண் நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

ஆகவே அக்டோபர் 2 அன்று மேடைப் பேச்சு வேண்டாம். அதற்கு நமக்கு வேறு நாட்கள் நிறைய உண்டு. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் பள்ளிவாசல், கோயில், தேவாலயம் மூன்றும் ஒரே சாலையில் இருக்கின்றன. மூன்று நிர்வாகத்தாரும் அன்று ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, எண்களை மாற்றிக்கொள்ளட்டும். வதந்தி வந்தால் முதலில் அந்த எண்ணுக்குப் பேசுவது, பிறகுதான் மற்றவருக்கு அனுப்புவது என்று நம் இளைஞர்கள் அங்கேயே ஒப்புக்கொள்ளட்டும். அடுத்த ஆண்டு பிரிக்பீல்ட்ஸில் செய்வோம்.

எல்லாரையும் நேரில் போய் அழைக்கும் பொறுப்பு எங்களுடையது. சாப்பாட்டுச் செலவைச் சங்கம் ஏற்றால் போதும். சைவத்தைத் தனிச் சட்டியில், தனிக் கரண்டியோடு சமைக்கச் சொல்லிவிடுங்கள்.