தேங்கும் கழிவு

கோவை வட்டாரத்து ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்களில் கழிவுப் பஞ்சையும் வீணாக்காமல் நூலாக்கிவிடுவார்கள். நம் செல்களுக்குள்ளும் அப்படியொரு கூடம் உண்டு. பெயர் லைசோசோம், 1955-இல் கிறிஸ்டியன் டி டூவ் கண்டறிந்தது. அங்கே ஒரு நொதி குறைந்தால் போதும், கழிவு செல்லிலேயே தேங்கிவிடும்.

டே-சாக்ஸ் அப்படிப்பட்ட நோய். சில மாதங்கள் சிரித்து விளையாடிய குழந்தைக்கு மெல்லத் தலை நிற்காமல் போகும், பார்வை மங்கும். நினைக்கவே மனம் கனக்கிறது. அகமதாபாத் ஆய்வாளர்கள் இக்குழந்தைகளிடம் குறைந்துபோன நொதிக்கான ஹெக்ஸா மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். குஜராத்தின் பல குடும்பங்களில் ஒரே பிழை! பொது மூதாதை ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம் என்று 2012-இல் எழுதினார்கள்.

பொது மூதாதை நம் பக்கத் திருமணங்களிலும் உண்டு. கொங்கு நாட்டில் ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே குலத்துக்குள், பெண் எடுக்கமாட்டார்கள். ஆனால் மாமன் மகள் முறைப்பெண். கூட்டம் வேறு, சரி; இருவருக்கும் ஒரே தாத்தா பாட்டிதானே? அவர்களிடம் மறைந்திருந்த பிழை இரு பக்கமும் இறங்கலாம். அதைக் கணவன், மனைவி இருவருமே சுமந்தால், ஒவ்வொரு கருவிலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. இதற்கு மருமகளை மட்டும் பழிக்கும் வீடுகளை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. பிழை இன்னதென்று தெரிந்துவிட்டால், அடுத்த கருவை மூன்று மாதத்துக்குள்ளேயே சோதித்துச் சொல்லிவிடுகிறார்கள்.