ஒரு கதவுக்கு எத்தனை திறப்பு?



உங்கள் வீட்டு முன்கதவின் திறப்பைக் கடைசியாக எப்போது பாவித்தீர்கள்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரொறன்ரோப் பக்கம் மார்க்கத்திலோ ஏஜக்ஸிலோ ஸ்காபரோவிலோ கராஜ் உள்ள வீட்டில் இருப்பவர் என்றால் அநேகமாக நினைவிருக்காது. முன்கதவு விருந்தாளிக்கும் பார்சல் கொண்டுவருகிறவருக்கும் என்று ஆகிவிட்டது. நாங்கள் காரோடு கராஜுக்குள் போகிறோம், சாமான் பைகளை இறக்குகிறோம், உள்ளே இருக்கிற சின்னக் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு குசினிப் பக்கம் வந்துவிடுகிறோம். பிள்ளைகளின் சப்பாத்து அங்கேதான், பனி வழிக்கிற சவள் அங்கேதான், இருபது கிலோ அரிசி மூட்டையும் அங்கேதான்.

ஆனால் காசு செலவழிப்பது முன்கதவுக்கு. நல்ல பூட்டு, அதற்கு மேலே இன்னொரு பூட்டு, கமரா, மணி. கராஜுக்கோ, வீட்டை விற்றுவிட்டுப் போனவர் குசினி மேசையில் வைத்துவிட்டுப் போன பழைய றிமோட்.

சாவி என்று தமிழ்நாட்டில் சொல்வதை நாங்கள் திறப்பு என்போம். எனக்குப் பிடித்த சொல் அது. எது திறக்கிறதோ அது திறப்பு. அப்படிப் பார்த்தால் இன்றைக்கு ஒரு கராஜ் கதவுக்கு ஐந்து திறப்பு உண்டு: றிமோட், வெளிச்சுவரில் எண் அமத்துகிற கீபாட், காரிலேயே பதித்து வருகிற பொத்தான், கைத்தொலைபேசி, விரல் அடையாளம். எது சுகமாகத் திறக்கும் என்று கடைக்காரர் விளக்கமாகச் சொல்லுவார். நீங்கள் அவரிடம் வேறொன்று கேளுங்கள். இந்தத் திறப்பு பிழையான கைக்குப் போனால் அதை எப்படிச் செல்லாமல் ஆக்குவது? இதற்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்ல முடியாத சாமானை வாங்காதீர்கள்.

ஏன் இதைப் பெரிதாக எடுக்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னாலே போகவேண்டும். மேலே தூக்கித் திறக்கும் கராஜ் கதவை அமெரிக்காவில் சி. ஜி. ஜோன்சன் என்பவர் 1921இல் செய்தார். 1926இல் அதற்கு மின்மோட்டரும் பூட்டினார். றேடியோ அலையால் திறக்கும் வசதி பிறகு வந்தது. தொடக்கத்தில் ஒரே மாதிரிச் சைகைதான், பக்கத்து வீட்டுக்காரர் தன் பொத்தானை அமத்த உங்கள் கதவு வாயைத் திறக்கும். அதற்கு மருந்தாக றிமோட்டுக்குள்ளே நகத்தளவு சுவிட்சுகளை ஒரு வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொன்றும் மேலே அல்லது கீழே. எட்டுச் சுவிட்ச் என்றால் 256 விதமாக வைக்கலாம், பன்னிரண்டு என்றால் 4096 விதம். அயலவரிடமிருந்து தப்ப அது போதும். திருடனிடமிருந்து தப்பப் போதாது.

அதைக் காட்டியவர் சமி காம்கார் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர். 2015இல் அவர் எடுத்தது ரோசா நிறத்தில் ஒரு விளையாட்டுச் சாமான், பிள்ளைகள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பி விளையாட மட்டெல் கம்பனி ஒருகாலத்தில் விற்றது. கதவைத் திறக்கிற பழைய கராஜ் மெஷினுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. எண் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அது பார்ப்பதில்லை, கடைசியாகக் காதில் விழுந்த பன்னிரண்டு இலக்கம் சரியாக இருந்தால் திறந்துவிடும். ஆகவே 4096 எண்ணையும் தனித்தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஒன்றின் வால் அடுத்ததின் தலையாக இருக்கும்படி கோத்துவிட்டால் போதும். நேயர்களே, இது எங்களுக்குப் புதிதா? அந்தாதி! ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம். ஒல்லாந்துக் கணித அறிஞர் டி புரூயின் பெயரில் வழங்குகிற அந்தக் கோவையை விளையாட்டுச் சாமானுக்குள் ஏற்றினார் காம்கார். அரை மணித்தியால வேலை பத்து விநாடிக்குள் முடிந்தது.

எனவே இன்றைக்கு நீங்கள் செய்யக்கூடிய முதல் காரியம், றிமோட்டின் பின்மூடியைக் கழற்றிப் பார்ப்பது. உள்ளே அந்தச் சின்னச் சுவிட்ச் வரிசை தெரிந்தால் அந்த மெஷினை மாற்றுங்கள். பழுதுபடவில்லையே, நன்றாகத்தானே ஓடுகிறது என்று சொல்லாதீர்கள். எல்லாருக்கும்தான் நன்றாக ஓடும்.

தொண்ணூறுகளில் வந்தது மாறும் குறியீடு. றிமோட்டும் மெஷினும் ஒரே கொப்பியின் இரண்டு பிரதியை வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவை அமத்தும்போதும் இரண்டு பேரும் ஒரு பக்கம் புரட்டுவார்கள், போன பக்கத்து எண் இனிச் செல்லாது. ஒளிந்திருந்து உங்கள் சைகையைப் பதிவுசெய்து பிறகு ஒலிபரப்பினாலும் கதவு அசையாது. வீட்டில் குழந்தை றிமோட்டை எடுத்து இருபது தரம் அமத்தி விளையாடினால் கணக்குக் குழம்பாதா என்று கேட்பீர்கள். குழம்பாது, மெஷின் சில பக்கம் முன்னாலும் தட்டிப் பார்க்கும். இதையும் ஏமாற்றலாம் என்று அதே காம்கார் அதே ஆண்டு காட்டினார். உங்கள் சைகையை மறித்து, அதைத் தான் பதிவுசெய்து, நீங்கள் இரண்டாம் தரம் அமத்தும்போது முதலாவதை அனுப்பிவிட்டு இரண்டாவதைக் கையில் வைத்துக்கொள்ளும் கருவி. ஆனால் அதற்கு ஒருவன் கருவியோடு உங்கள் வீட்டுக்குக் கிட்ட வந்து காத்திருக்கவேண்டும். அந்தப் பயத்தில் நித்திரையைக் கெடுக்காதீர்கள். காருக்குள் கிடக்கும் றிமோட்டை எடுப்பது அதைவிட எத்தனையோ மடங்கு சுகம்.

இங்கேதான் நான் சறுக்கினேன். மூன்று வருடத்துக்கு முன்னர் ஒரு மாரிகாலம். காரைத் திருத்தக் கொடுத்தேன், இரண்டு நாள் அங்கே நின்றது. திருப்பி எடுத்தபோது வெயில் மறைப்பில் கொழுவியிருந்த றிமோட் இல்லை. கேட்டேன்.

"அண்ணை, நாங்கள் ஒண்டும் தொடேல்லை. சீற்றுக்குக் கீழ விழுந்திருக்கும், வடிவாப் பாருங்கோ" என்றார் அங்கே நின்ற தம்பி.

அவர் எடுத்தார் என்று நான் சொல்லவரவில்லை. இன்றுவரை தெரியாது. ஆனால் வீட்டுக்கு வந்தபிறகுதான் தலையில் உறைத்தது: முன்தட்டுக்குள் கிடந்த கார் உரிமைப் பத்திரத்தில் என் பெயரும் விலாசமும் இருக்கிறது. காப்புறுதித் துண்டிலும் இருக்கிறது. திறப்பையும் அது எந்தக் கதவுக்கு உரியது என்ற குறிப்பையும் ஒரே இடத்தில் வைத்து, ஊரெல்லாம் கொண்டு திரிகிறோம். கோவில் வாசலில் நிற்பாட்டுகிறோம், கடைத்தொகுதியில் நிற்பாட்டுகிறோம். ஆகையால் றிமோட் வாங்குகிறவர்கள் திறப்புக் கோர்வையில் மாட்டுகிற சின்ன வகையை வாங்குங்கள். அது காரோடு அல்ல, உங்களோடு இறங்கவேண்டும்.

கீபாடுக்கு வருவோம். வயதானவர்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் இதைவிட நல்லது இல்லை. என் மாமியிடம் றிமோட் கொடுத்தால் எங்கே வைத்தேன் என்று தேடுவார், தொலைபேசியில் அப் திறக்கச் சொன்னால் கோபிப்பார், நாலு எண்ணை மட்டும் மறக்கமாட்டார். அந்த நாலு எண் பேரனின் பிறந்த ஆண்டாக இருக்கக்கூடாது என்று விளங்கப்படுத்தத்தான் ஒரு கிழமை எடுத்தது.

நாலு இலக்கம் என்றால் பத்தாயிரம் விதம், பாதுகாப்புத்தானே என்று நினைப்போம். ஐந்து வருடம் ஒரே எண்ணை அமத்தினால் அந்த நாலு பொத்தானும் தேய்ந்து மினுங்கும். தேய்ந்த நாலையும் வைத்துக்கொண்டு ஒருவன் முயன்றால் இருபத்துநான்கே விதம். ஒரு சுவையான கணக்குச் சொல்லட்டுமா? உங்கள் எண்ணில் ஒரு இலக்கம் இரண்டு தரம் வந்தால், தேய்ந்த பொத்தான் மூன்றுதான் தெரியும், ஆனால் முயலவேண்டியது முப்பத்தாறு விதமாகக் கூடிவிடும். அதைவிடச் சுகமான வழி, வருடத்துக்கு இரண்டு தரம் எண்ணை மாற்றிவிடுவது. மணிக்கூட்டை முன்னே பின்னே தள்ளி வைக்கிற நாளில் இதையும் செய்யலாம். பேஸ்மென்ட்டில் குடியிருந்தவர் வெளிக்கிட்டால் அன்றைக்கே மாற்றவேண்டும். அவர் நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் அவர் அந்த எண்ணை யார் யாருக்குச் சொன்னார் என்று அவருக்கே நினைவிராது. சில கீபாடுகளில் விருந்தாளிக்கென்று தற்காலிக எண் கொடுக்கலாம், குறித்த நேரத்துக்குப் பிறகு அது செல்லாது. வாங்கும்போது அந்த வசதியைக் கேட்டு வாங்குங்கள். விரல் அடையாளம் நல்லதுதான், ஆனால் தை மாதக் குளிரில் கையுறையைக் கழற்றிவிட்டு ஈரவிரலை வைத்துப் பாருங்கள், பிறகு நானே சொல்லத் தேவையில்லை.

காரில் பதித்த பொத்தான் களவு போகாது, பற்றறி மாற்றத் தேவையில்லை. காரே களவு போனால்? இந்த ரொறன்ரோப் பெரும்பாகத்தில் அது நடக்காத காரியமில்லை. இன்னொன்று, காரை விற்கும்போது பாட்டுத் தட்டை எடுப்போம், பிள்ளையார் சிலையைக் கழற்றுவோம், பொத்தானுக்குள் பதிந்திருக்கும் வீட்டுத் திறப்பை அப்படியே விட்டுவிட்டுக் கொடுப்போம். ஹோம்லிங்க் வகை என்றால் இரண்டு ஓரப் பொத்தானையும் சேர்த்து, விளக்கு வேகமாக மினுங்கும்வரை அமத்திப் பிடித்தால் எல்லாம் அழிந்துவிடும்.

கைத்தொலைபேசியைப் பற்றி எனக்கு இரண்டு மனம். செல்லாமல் ஆக்குவதில் அதை வெல்ல ஒன்றுமில்லை. மகன், மருமகள், குடியிருப்பவர் என்று தனித்தனி அனுமதி கொடுக்கலாம், ஒருவருடையதை மட்டும் பறிக்கலாம். ஆனால் கதவின் திறப்பு இப்போது உங்கள் கையில் இல்லை, யாரோ ஒரு கம்பனியின் கணினியில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, நெக்ஸ் என்ற கம்பனியின் கராஜ் கருவிகளைப் பற்றி எச்சரித்தது. எல்லாக் கருவிக்கும் பொதுவாக ஒரே கடவுச்சொல் உள்ளே எழுதப்பட்டிருந்தது! என் வீட்டில் அப் இருக்கிறது. நான் அதைத் திறக்கப் பாவிப்பது குறைவு, மூடத்தான் கூடப் பாவிக்கிறேன். இரவு பத்து மணிக்கு உங்கள் கதவு திறந்து கிடக்கிறது என்று அது சொல்லும். பூட்டு உடைத்து வருகிறவனைவிட, நாங்களே திறந்துவிட்டு மறந்துபோகிற கதவால் வருகிறவன் கூட என்றுதான் நினைக்கிறேன். அப் மூலம் மூடும்போது மெஷின் பீப் பீப் என்று கத்தி விளக்கை மினுக்கும், எரிச்சல்படாதீர்கள். கீழே யாரும் நிற்கக்கூடாதே என்பதற்கான பாதுகாப்பு விதி அது. நிலத்திலிருந்து ஆறு அங்குலத்துக்குள் கதவின் இரண்டு பக்கமும் இருக்கும் உணரிக் கண்களும் அதற்காகத்தான். பிள்ளைகள் நசிந்து இறந்த சம்பவங்களுக்குப் பிறகு, இந்தக் கண்கள் போன்ற பாதுகாப்பை அமெரிக்காவில் 1993 தொடக்கம் கட்டாயமாக்கினார்கள். அந்தக் கண்களை மேலே ஒன்றுக்கொன்று பார்க்க ஒட்டிவைத்த வீடுகளைக் கண்டிருக்கிறேன். பெட்டிகள் மறிக்கிறதாம்.

இனி மின்சாரம். 2013 டிசம்பரில் பனிமழை உறைந்து மரங்கள் முறிந்தபோது ரொறன்ரோவில் மட்டும் மூன்று இலட்சம் அளவிலான வாடிக்கையாளர்கள் இருட்டில் இருந்தார்கள். கராஜுக்குள் கார் சிறைப்பட்டது. 2017 காட்டுத்தீக்குப் பிறகு கலிஃபோர்னியா, 2019 ஜூலை முதல் விற்கும் மெஷின்களுக்குத் துணைப் பற்றறி இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டது. இங்கே வாங்கும்போதும் அந்த வகையைக் கேளுங்கள். இல்லாவிட்டால் மேலே தொங்குகிற சிவப்புக் கயிறு. அதைக் கதவு மூடியிருக்கும்போதுதான் இழுக்கவேண்டும். கதவின் பாரத்தைச் சுமப்பது மோட்டர் அல்ல, மேலேயுள்ள ஸ்பிறிங். அது உடைந்திருக்க, திறந்து நிற்கும் கதவில் கயிற்றை இழுத்தால் முழுக் கதவும் தலையில் வரும். ஸ்பிறிங்கை நீங்களே திருத்தப் போகாதீர்கள், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

கராஜுக்கும் வீட்டுக்கும் இடையிலான அந்தச் சின்னக் கதவை மறந்துவிடாதீர்கள். கார்ப்புகை வீட்டுக்குள் வராமல் அது தானாக மூடிக்கொள்ளவேண்டும் என்பது ஒன்ராறியோக் கட்டட விதி. நாங்கள் அரிசி மூட்டையை முட்டுக்கொடுத்துத் திறந்து வைப்போம். மூட்டையை எடுங்கள். அந்தக் கதவுக்கும் முன்கதவுக்குப் போட்ட மாதிரி ஒரு பூட்டுப் போட்டு, இரவில் பூட்டுங்கள். வெளியே எந்தத் திறப்பு தொலைந்தாலும் ஒரு கதவு மிச்சம் இருக்கும்.

றிமோட் தொலைந்த அன்று இரவு நான் ஏணி வைத்து ஏறினேன். மெஷினின் பின்பக்கம் 'லேர்ன்' என்று ஒரு பொத்தான் இருக்கும். பெரும்பாலான மெஷின்களில் அதை விளக்கு அணையும்வரை அமத்திப் பிடித்தால், அதுவரை பழக்கிய எல்லாத் திறப்பும் மறந்துபோகும். உங்கள் மெஷினுக்குக் கைநூலை ஒருதரம் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பழக்கினேன்: மனைவியின் றிமோட், மகனின் றிமோட், கீபாட், கார்ப் பொத்தான். பத்து நிமிடம் எடுத்தது. இரண்டு கிழமை கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர், எங்களுக்கு முன்னர் எங்கள் வீட்டில் இருந்தவர்களின் நல்ல நண்பர், கையில் ஒரு சாம்பல் நிற றிமோட்டோடு வந்து மணி அடித்தார். ஆறு வருடமாகத் தன் லாச்சிக்குள் கிடந்ததாம், இப்போது வேலை செய்யவில்லையாம், என்ன பழுதென்று பார்க்கமுடியுமா என்று கேட்டார்.