மண் இல்லாமலும் காய் விளையும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



மண்ணில்லா விவசாயம் பற்றி என்னைப் பேசச் சொன்னாங்க. நம்மில் நிறையப் பேருக்கு சொந்த நிலம் கிடையாது. காடு இருக்கிறவங்கதானே காய் போட முடியும் என்று நாம் விட்டுவிடுகிறோம். அப்படி விட வேண்டியதில்லை.

செடிக்கு மண் எதற்கு? வேர் பிடித்து நிற்க, ஈரம் கிடைக்க, காற்று கிடைக்க, சத்து கிடைக்க. இந்த நாலையும் வேறு வழியில் கொடுத்தால் மண் இல்லாமலே வளரும். சத்தைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதுதான் ஹைட்ரோபோனிக்ஸ். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த கெரிக் என்பவர் 1930-களிலேயே தொட்டித் தண்ணீரில் தக்காளி வளர்த்துக் காட்டினார்.

இப்போ பைப், மோட்டார், நிழல்வலைக் கூடாரம் எல்லாம் போட்டுத் தர்றோம், குழுவுல வங்கிக் கடன் எடுங்க என்று சிலர் வர்றாங்க. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மூணு விஷயம் கேளுங்க. முதலாவது, கரண்டு போனால் என்ன செய்வது? அந்தப் பைப்பில் ஈரத்தைப் பிடித்து வைக்க மண் இல்லை. மோட்டார் நின்றால் வெயில் நாளில் சில மணி நேரத்தில் செடி வாடிவிடும். இரண்டாவது, தண்ணீரில் சத்து எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று யார் அளப்பது? மூணாவது, விளைந்ததை யார் வாங்குவார்? லெட்யூஸ் கீரையை நம்ம வாரச்சந்தையில் யாரும் கேட்பதில்லை. ஆனா தவணை மாசா மாசம் வரும். ஒருத்தி கட்டலைன்னா குழுவுக்கே பேர் கெடும்.

நமக்கு ஏற்றது தென்னை நார்த்தூள். நம்ம தமிழ்நாட்டு நார்த்தூளைத்தான் வெளிநாட்டுக்காரங்க வாங்கிக் கூடாரத்தில் தக்காளி விளைவிக்கிறாங்க. 5 கிலோ கட்டி ஒன்று தண்ணீரில் ஊறினால் 60 லிட்டருக்கு மேல் பொங்கும். அதில் உப்பு இருக்கும். அதனால் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூணு தரம் பிழிந்து கொட்டணும். நார்த்தூள் ஈரத்தைத்தான் பிடிக்கும், அதில் சத்து அதிகம் இல்லை. வெறும் தூளில் விதைத்தால் செடி மஞ்சளடிக்கும். இரண்டு பங்கு தூளுக்கு ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு சேருங்க.

கீரைக்கு அரை அடி ஆழப் பை போதும். கத்தரி, மிளகாய், தக்காளிக்கு ஒரு அடி வேணும். பையின் அடியில் ஓட்டை போடணும். வெயில் ஐந்து, ஆறு மணி நேரம் படும் இடமாகப் பாருங்க. மொட்டை மாடி, வாசல் ஓரம், மாட்டுக் கொட்டகைப் பக்கம் எதுவானாலும் சரி. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் பையில் உப்பு படியும். மாசம் ஒரு தரம் மழைத் தண்ணீரோ குடிதண்ணீரோ நிறைய ஊற்றிக் கழுவி விடுங்க.

விதைத்த 25, 30 நாளில் கீரை பறிக்கலாம். வாரம் மூணு கட்டு, கட்டு 20 ரூபாய் என்று வாங்குகிற வீட்டுக்கு மாசம் 240 ரூபாய் மிச்சம். அது நம்ம சந்தாப் பணம். மருந்தடிக்காத கீரை பிள்ளைங்க தட்டுக்கு வரும் என்பது அதைவிடப் பெரிசு.

இது காட்டு விவசாயத்துக்கு முழு மாற்று என்று நான் சொல்ல வரல. நெல்லும் கம்பும் நிலக்கடலையும் மண்ணில்தான் விளையும். நிலம் இல்லாதவளுக்கும், கிணறு வற்றினவளுக்கும் இது ஒரு வழி.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. ஒவ்வொரு குழுவிலும் ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு பை மட்டும் முதலில் போடட்டும். கட்டியும் உரமும் கூட்டாக வாங்கினால் விலை குறையும். செலவு, பறித்த கட்டு இரண்டையும் நோட்டில் எழுதி மூணு மாசம் கழித்துக் கூட்டத்தில் வைப்போம். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு கடனுக்குத் தீர்மானம் எழுதுவோம்.