மண்ணில் விழுந்த மோதிரம்



வடநாட்டில் குடியேறி வாழும் தமிழருள் ஹரித்துவாருக்கு ஒரு முறையேனும் சென்று வராதவர் அரியர். ஆண்டுதோறும் தசராவை ஒட்டி மேல் கங்கைக் கால்வாயைத் தூர் வாருவதற்காக மூடிவிடுவது அங்கே வழக்கம். 1854ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அக்கால்வாயில் தீபாவளி வரையில் நீர்வரத்து வெகுவாகக் குறைந்துவிடும். ஹர் கி பௌரிப் படித்துறையில் அந்நாட்களில் காணும் காட்சி மறக்க இயலாதது. ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் கூழாங்கற்களிடையே குனிந்து சல்லடையால் மணலைச் சலித்துக்கொண்டிருப்பார்கள். பக்தர்கள் இட்ட காசுகளையும், நீராடும்போது கை நழுவிய நகைகளையும் அவர்கள் தேடுகிறார்கள். நீர் ஓடும் மற்ற நாட்களில் சிறுவர்கள் கயிற்றின் நுனியில் காந்தத்தைக் கட்டி ஆற்றில் வீசி இழுப்பதையும் பார்த்திருப்பீர்கள். நாம் இன்று வழங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள் எஃகினால் ஆனவை. ஆதலால் அவை காந்தத்தோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடுகின்றன.

ஆனால் பொன் மோதிரம் அவ்வாறு வாராது. பொன்னையும் வெள்ளியையும் செம்பையும் காந்தம் இழுப்பதில்லை. காந்தத்தால் ஆகாத அக்காரியத்தைச் செய்ய வந்த ஒரு கருவியைப் பற்றியும், அக்கருவியாலும் ஆகாத ஒரு காரியத்தைப் பற்றியும் இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

மெட்டல் டிடெக்டர் என்று ஆங்கிலத்தில் வழங்கும் இக்கருவி நமக்குப் புதியதன்று. விமான நிலையத்திலும் பெருங்கோயில்களின் வாயிலிலும் நாம் நுழைந்து செல்லும் சட்டம் இந்த இனத்தைச் சேர்ந்ததே. நிலத்தில் தேடுவதற்கு ஆவது ஒரு நீண்ட தடியும், அதன் அடியில் தட்டுப் போன்ற வட்டமும் உடையது. அவ்வட்டத்தினுள் கம்பிச் சுருள் இருக்கிறது. சுருளில் திசை மாறி மாறி மின்சாரம் பாயும்போது, அதனைச் சுற்றிலும் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலம் ஒன்று தோன்றுகிறது. அப்புலம் மண்ணுள் கிடக்கும் உலோகத்தைத் தொட்டவுடன், உலோகத்தினுள் சிறு மின்சாரச் சுழல்கள் எழுகின்றன. அச்சுழல்கள் தமக்கென ஒரு காந்தப் புலத்தைப் பிறப்பிக்கின்றன. அந்த மறுமொழியைக் கருவி உணர்ந்து, ஓர் ஒலியாக நம் காதுக்குத் தருகிறது. மோதிரம் போன்ற சிறு பொருளாயின் ஏறக்குறைய ஒரு சாண் ஆழம் வரையில் கருவிக்கு எட்டும். முழு வளையமாக உள்ள மோதிரம் நன்கு ஒலிக்கும். முறிந்த மோதிரமும் மெல்லிய சங்கிலியும் எளிதில் அகப்படா.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இக்கருவியின் இந்திப் பெயரில் ஒரு தனி விருப்பம் உண்டு. 'தாது சம்சூசக்' என்பர். சூசகம் என்ற சொல் தமிழிலும் பழகியதே. குறிப்பாக உணர்த்துவது என்பது அதன் பொருள். இக்கருவி பொன்னைக் கண்டுபிடிப்பதில்லை. "இங்கே ஏதோ ஓர் உலோகம் உண்டு" என்று குறிப்புக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. அது மோதிரமா, மிட்டாய் சுற்றிய அலுமினியத் தாளா என்பது தோண்டிப் பார்த்த பின்னரே தெரியும். மெல்லிய பொன் மோதிரமும் கசங்கிய அலுமினியத் துண்டும் பெரும்பாலும் ஒரே வகையாக ஒலிப்பதுதான் இதில் உள்ள வேடிக்கை.

குறிப்பை அறிவதற்கு மனிதன் எங்கே தேடுகிறான் என்பதும் முக்கியம். 1881ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சுடப்பட்டார். குண்டு உடலில் எங்கே தங்கியது என்று மருத்துவர்களால் அறியக் கூடவில்லை. தொலைபேசியை நமக்குத் தந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல் விரைந்து ஒரு கருவி அமைத்து, தலைவரின் உடலருகே பிடித்து, தொலைபேசியின் செவிக்குழலைக் காதில் வைத்துக் கேட்டார். படுக்கையில் இருந்த இரும்புச் சுருள்கள் ஒலியைக் குழப்பின. அதனினும் பெரிய இடையூறு, குண்டு வலப்பக்கத்தில்தான் இருக்கிறது என்று தலைமை மருத்துவர் கொண்டிருந்த உறுதி. தேடுதலும் அப்பக்கமே நடந்தது. செப்டம்பர் 19ஆம் நாள் தலைவர் மறைந்தார். பிறகு உடலைச் சோதித்தபோது குண்டு இடப்பக்கத்தில் இருந்தது.

இந்தச் செய்தியை நான் பல ஆண்டுகளுக்கு முன்பே படித்திருந்தேன். ஆயினும் அதன் உட்பொருள் என் வீட்டிலேயே விளங்க வேண்டியிருந்தது.

எங்கள் குடியிருப்பில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் தைப்பொங்கலன்று பூங்காவில் கூடிப் பொங்கலிடுவது வழக்கம். ஒரு பொங்கலன்று மாலை, என் மனைவி தன் விரலில் மோதிரம் இல்லாததைக் கண்டாள். அரைப் பவுன் எடையில், சிறு சிவப்புக்கல் பதித்த மோதிரம். திருமணத்தின்போது அவளுடைய தாயார் தம் விரலிலிருந்து கழற்றி அணிவித்தது. அந்த அம்மையார் இன்று இல்லை. ஆகவே அதன் மதிப்பைப் பவுன் கணக்கில் சொல்வதற்கில்லை.

வீடு முழுவதும் தேடினோம். அடுக்களைத் தொட்டியின் குழாயைக் கூடக் கழற்றிப் பார்த்தோம். கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் இரவு நான் ஒரு வார்த்தை சொன்னேன். "காலையில் கூட்டிப் பெருக்கியது அவள்தானே?" என்றேன். எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்மணியைத்தான் அவ்வாறு குறிப்பிட்டேன். வங்காளத்திலிருந்து பிழைப்பு நாடி வந்தவர். ஆறு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஒரு கரண்டி இடம் மாறாமல் வேலை செய்தவர். என் மனைவி மறுமொழி சொல்லவில்லை. ஆனால் சந்தேகம் என்பது வாய்விட்டுச் சொல்லப்பட வேண்டியதில்லை, பார்வையிலேயே தெரிந்துவிடும். மூன்றாம் நாள் அப்பெண்மணி வேலை முடிந்து புறப்படும்போது, யாரும் கேளாமலே, தம் கைப்பையைத் திறந்து மேசைமேல் கொட்டிக் காட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். எனக்கு அன்று உணவு இறங்கவில்லை.

எங்கள் அடுத்த வீட்டில் ஒரு சர்தார்ஜி இருக்கிறார். இராணுவப் பொறியாளர் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இரண்டாம் உலகப் போரில் போலந்து நாட்டு அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி கையில் ஏந்திச் செல்லும் கண்ணிவெடி காட்டும் கருவியை அமைத்தார் என்பதும், 1942இல் எல் அலமேன் போரில் அது பயன்பட்டது என்பதும் அவர் சொல்லி நான் அறிந்தவை. ஓய்வுக்குப் பின் பொழுதுபோக்காக அவரும் ஒரு சிறு கருவி வைத்திருக்கிறார். செய்தியறிந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அதனைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார்.

வந்தவர் உடனே தேடத் தொடங்கவில்லை. "பஹன்ஜி, மோதிரத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று என் மனைவியைக் கேட்டார். கோலமிடும்போது கண்டதாக அவள் நினைவு கூர்ந்தாள். கோலமிட்ட இடத்தை நூல் கட்டிக் கட்டங்களாகப் பிரித்து, தட்டு நிலத்தைத் தொடாமலும் விலகாமலும், ஒரு வரிசையின் பாதியை அடுத்த வரிசை மூடும்படியாக மெல்ல மெல்லத் தேடினார். ஒரு மணி நேரத்தில் கிடைத்தவை: சோடா மூடிகள் பதினொன்று, ஆணிகள், கொண்டை ஊசி ஒன்று, இரண்டு ரூபாய்க் காசு ஒன்று. தோண்டிய ஒவ்வொரு குழியையும் புல்லோடு பெயர்த்து, மீண்டும் அப்படியே மூடி மிதித்து வைத்தார்.

அவர் மறுபடியும் கேட்டார்: "கோலமிட்ட பின் என்ன செய்தீர்கள்?" அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. மாவும் மஞ்சளும் படிந்த கையைப் பூங்காக் குழாயில் கழுவி, ஈரத்தை உதறினாள். தை மாதத்துத் தில்லிக் குளிரில், அதுவும் குளிர்ந்த நீர் பட்டால், விரல் சுருங்கி மோதிரம் தளர்ந்துவிடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. குழாயடிக்குச் சென்றதும் கருவி ஓயாது அலறியது. இரும்புக் குழாயின் குறும்பு அது. பெல்லுக்குப் படுக்கைச் சுருள் செய்த இடையூறுதான். சர்தார்ஜி கருவியின் கூர்மையைக் குறைத்து, குழாயிலிருந்து ஒரு கை தூரம் விலகி, கை உதறும் திசையில் தேடினார். பலர் மிதித்த சேற்றின் அடியில், நான்கு விரற்கடை ஆழத்தில், மோதிரம் இருந்தது.

மறுநாள் அப்பெண்மணியிடம் மோதிரத்தைக் காட்டி, நாங்கள் நினைத்தது தவறு என்று சொன்னேன். சொல்வதற்கு எளிதாக இல்லை. அவர் மோதிரத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு, "தீதியின் அம்மா கொடுத்ததல்லவா? அதனால்தான் இத்தனை நாளும் முறத்துக் குப்பையைக் கையால் அலசிப் பார்த்துவிட்டே கொட்டினேன்" என்றார். நாங்கள் அவரைச் சந்தேகித்துக்கொண்டிருந்த நாட்களில், எங்களுக்காகத் தேடிக்கொண்டிருந்தவர் அவர்.

காளிதாசரின் சாகுந்தல நாடகத்தில் வரும் செம்படவனை இங்கே நினைக்கிறேன். சசி தீர்த்தத்தில் சகுந்தலையின் கையிலிருந்து நழுவிய அரச முத்திரை மோதிரம் ஒரு மீனின் வயிற்றில் கிடைக்கிறது. அதனை விற்க வந்த ஏழைச் செம்படவனைக் காவலர் திருடன் என்று கட்டி இழுத்து வருகின்றனர். அவன் சொன்ன உண்மையை எவரும் நம்பவில்லை. மோதிரத்தைக் கண்ட அரசன் அதன் விலைக்கு ஈடான பரிசை அளித்த பிறகே அவன் விடுதலை பெறுகிறான். தன்னை இழுத்து வந்த காவலருக்கே பரிசில் பாதியை அவன் கொடுக்கிறான் என்பது கவியின் நயம்.

நம் காலத்திலும் அத்தகையோர் உளர். இங்கிலாந்தில் சஃபோக் பகுதியில் ஹாக்ஸன் என்பது ஒரு சிற்றூர். 1992ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், பீட்டர் வாட்லிங் என்ற விவசாயி வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடித் தரும்படி நண்பர் எரிக் லாஸைக் கேட்டார். தேடச் சென்றவருக்கு வெள்ளிக் கரண்டிகளும் பொன் நகைகளும் காசுகளும் அகப்பட்டன. அவர் மேலும் தோண்டாமல் நிறுத்திக்கொண்டு உரியவர்களுக்கு அறிவித்தார். மறுநாள் தொல்லியலார் வந்து முறைப்படி அகழ்ந்தனர். உரோமானியர் காலத்துக் காசுகள் 14,865ம், பிற பொருள்கள் ஏறக்குறைய 200ம் வெளிப்பட்டன. தோண்டுவதை அவர் நிறுத்தியமையால்தான் அவை ஒரு மரப்பெட்டியுள் எவ்வாறு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன என்பதையும் அறிஞர் அறிய முடிந்தது. அரசு அளித்த 17 லட்சத்து 50 ஆயிரம் பவுன் வெகுமதியை லாஸ் அவ்விவசாயியுடன் பகிர்ந்துகொண்டார். தேடிப்போன சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் நாட்டிலும் இதற்குச் சட்டம் உண்டு. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து வெளிப்பட்ட பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டதாயின், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் சிறு வேறுபாடுகள் இருக்கலாம். பாதுகாக்கப்பட்ட பழஞ்சின்னங்கள் உள்ள இடத்தில் அனுமதியின்றித் தோண்டுதல் ஆகாது. வழியில் கிடக்கும் பொருளைப் பற்றியோ எனின், 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் ஒரு மோதிரத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டது. விலையுயர்ந்த மோதிரத்தைக் கண்டெடுத்து, உரியவரைத் தேட முயலாமல் உடனே விற்றவன் குற்றவாளி ஆகிறான். 2024 ஜூலை முதல் அச்சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதீய நியாய சம்ஹிதையிலும் இந்நெறி தொடர்கிறது.

நேயர்களே, கண்டெடுத்தவனுக்குச் சட்டம் வகுத்த கடமை இது. தொலைத்தவனுக்கும் ஒரு கடமை உண்டு. அது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. நாம் எல்லாரும் ஊர் விட்டு ஊர் வந்து பிழைப்பவர்கள். புதிய ஊரில் ஒரு பொருள் காணாமற் போனால், "யாரோ வெளியூர்க்காரன்" என்று முதலில் நம்மைப் பார்த்த கண்களை நம்முள் பலர் அறிவர். நம்மைப் பற்றி நல்ல சொல் சொல்ல அங்கே ஒரு மாமனோ சித்தப்பனோ இருப்பதில்லை. நம் வீட்டு வாயிலைக் கூட்டுகிறவருக்கும் அதே நிலைதான்.

ஆகவே, அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒரு பொருள் தொலைந்தால், எங்கே கை கழுவினோம், எங்கே கையை உதறினோம் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். மண்ணைத் தேடிய பிறகு மறுபடியும் மண்ணைத் தேடுங்கள். மோதிரம் மண்ணுக்குள் நூறு ஆண்டு கிடந்தாலும் கெடுவதில்லை. ஆறு ஆண்டுப் பழக்கம் ஒரு வார்த்தையில் கெட்டுவிடும். அதனை மீட்டுத் தரும் கருவி இன்னும் வரவில்லை.